அந்தக் கேம் பிள்ளைகளுக்கு

செல்போன் விளையாட்டு ஒன்றில் எங்கள் கிளானில், அதாவது குழுவில், ஐம்பது பேர். அதற்கு மேல் ஆள் சேர்க்க அந்த விளையாட்டு விடாது. என்னையும் தம்பியையும் கழித்துவிட்டால் நாற்பத்தெட்டு. தம்பி நோயில் படுத்தபோது கூட நின்ற அந்த நாற்பத்தெட்டு பேருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யார் பெயரையும் போடக் கூடாது, கேமில் வைத்திருக்கும் பெயரைக்கூடப் போடக் கூடாது என்று லீடர் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "நன்றி சொல்லணும்னா பொதுவாச் சொல்லும்மா, ஆளைத் தூக்கி வைக்காத" என்றார். சரி. எங்கள் பக்கத்தில் ஆளை ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம்தானே, அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன். மேலூர்த் தம்பி, உசிலம்பட்டி அண்ணன், ஷார்ஜா அண்ணன், ஜோகூர்த் தம்பி. யார் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

விளையாட்டு, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012ல் வெளியிட்டது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய இது வேண்டும். ஆளுக்கொரு ஊர். சுவர் எழுப்பி, பீரங்கி வைத்து, தங்கம் சேர்த்து அந்த ஊரை வளர்க்க வேண்டும். பெரிய கட்டடம் ஒன்றை அடுத்த லெவலுக்குக் கொண்டுபோக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஊருக்குள் 'கிளான் கேஸில்' என்று ஒரு கோட்டை உண்டு. அதை நிரப்புவது பெரும்பாலும் கிளானில் இருக்கும் மற்றவர்கள்தான். 'ரிக்வெஸ்ட்' என்று தட்டினால் அது சாட்டில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் டிராகனோ வேறெதுவோ எடுத்துக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுக்கிறோம், அவர் நமக்கு எப்போது திருப்பித் தருவார் என்றெல்லாம் பார்ப்பதில்லை. கேட்டால் கொடுப்பது, அவ்வளவுதான்.

அப்புறம் வார், அதாவது இன்னொரு கிளானோடு சண்டை. ஒரு நாள் தயாரிப்பு, ஒரு நாள் சண்டை, ஆளுக்கு இரண்டு அட்டாக். எதிரி கிளானில் யாருடைய பேஸை, அதாவது ஊரை, யார் அடிப்பது, எத்தனை மணிக்கு அடிப்பது என்று லீடர் பட்டியல் போடுவார். எங்கள் லீடர் விருதுநகர்க்காரர், பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அவர் போடும் பட்டியலில் அடித்தல் திருத்தல் இருக்காது.

இந்தக் கிளானைத் தம்பிதான் கண்டுபிடித்தான். விளையாட்டில் முன்பு 'குளோபல் சாட்' என்று ஒன்று இருந்தது. யாரும் யாரிடமும் பேசலாம். 2019ல் எடுத்துவிட்டார்கள். அதில் தமிழில் பேசுகிற ஆள் தேடி, மதுரைக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்து உள்ளே போனான். கொஞ்ச நாளில் என்னையும் இழுத்துவிட்டான். எனக்குத் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் பில் போடுகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் என் ஊரை எட்டிப் பார்ப்பேன். தம்பி அப்படியில்லை. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து, எதிராளியின் பேஸை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 'குயின் சார்ஜ்', அதாவது குயின் என்கிற வீராங்கனையை முன்னால் விட்டு அடிப்பதை, எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதில் கிளானில் அவன் சொன்னால் மறுபேச்சில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் அவனுக்குக் காய்ச்சல். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் டெங்குவாக இருக்கும் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் அணுவான பிளேட்லெட் பதினான்காயிரம். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. வைகைக்கு வடகரையில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்றார் டாக்டர். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை.

அந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசியதை மறக்க மாட்டேன். "ரத்தப் புற்றுநோய்களிலேயே நல்லாக் குணமாகிற வகை இது. ஆனா முதல் சில வாரம்தான் கண்டம். ரத்தக்கசிவு எங்க வேணும்னாலும் வரலாம், மூளையிலகூட. அதைத் தாண்டிட்டா பிள்ளை நம்ம கைக்கு வந்துருவான்" என்றார். மருந்து இரண்டு. ஒன்று, வைட்டமின் ஏயிலிருந்து உருவாக்கிய மாத்திரை. இன்னொன்று ஆர்செனிக், ட்ரிப்ஸில் ஏற்றுவது. ஆர்செனிக் என்றதும் அப்பா நிமிர்ந்தார். புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே தைக்கிறார். அதிகம் பேசமாட்டார். "பாஷாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பழனி முருகனே நவபாஷாணம்தான். குடுங்கம்மா" என்றார்.

மருந்து வேலை செய்யும் வரை பிளேட்லெட்டை முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. அதற்கு வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். ஒரே ஆளிடமிருந்து மெஷின் வழியாகப் பிரித்து எடுக்கும் பை ஒன்று ஏற்றினால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் ஏறும். ஏறினது நிற்காது. அந்த நோயில் உடம்பே அதைத் தின்று தீர்க்கும், மறுபடி ஏற்ற வேண்டும். எடுத்த பையை ஐந்து நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது. மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், புதுப் புது ஆள் வேண்டும்.

ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்? பி பாசிட்டிவாக இருக்க வேண்டும். ஐம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. கையில் நல்ல நரம்பு வேண்டும். மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தியிருக்கக் கூடாது. அவருடைய பிளேட்லெட்டே ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மா சர்க்கரைக்கு ஊசி போடுகிறவள். எனக்கு ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்களில் இரண்டு பேர்தான் தேறினார்கள். சொந்தக்காரர்களைக் குறை சொல்லவில்லை. பிபி, சுகர் இல்லாத ஆளை இன்று எந்தக் குடும்பத்தில் தேடுவது?

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கிளானில் லீக், அதாவது பல கிளான்கள் மோதும் தொடர் போட்டி, நடந்துகொண்டிருந்தது. லீகில் நாளுக்கு ஒரு அட்டாக்தான், அட்டாக்குக்குக் கிடைக்கும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் கணக்கு, மூன்றுதான் உச்சம். தம்பியின் அட்டாக் பாக்கி இருந்ததால் ஆளாளுக்கு அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சாட்டில் எழுதினேன்: தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பி பாசிட்டிவ் பிளேட்லெட் தேவை, மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா.

முதலில் வந்த பதில் உசிலம்பட்டி அண்ணனுடையது. "எங்க வரணும், எப்ப வரணும்." அவ்வளவுதான் அதில் இருந்தது. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று ஒரு வார்த்தை இல்லை. மினிபஸ் ஓட்டுகிறவர். மறுநாள் காலை முதல் ட்ரிப்பை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். அத்தனை வருடம் சாட்டில் பேசியும் முகம் பார்த்ததில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, நேராக என்னிடம் வந்து, "தங்கச்சி, நீதானே? அவன் ஜாடை அப்படியே இருக்கு" என்றார். தம்பியின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை, வாட்ஸ்அப் படத்தில் பார்த்ததோடு சரி.

அன்று மத்தியானத்துக்குள் லீடர் அண்ணன் பட்டியல் போட்டுவிட்டார். வாருக்குப் போடுவாரே, அதே கட்டம். எதிரி பேஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதி. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ரத்த வகை, எடை, கடைசியாக எப்போது கொடுத்தது, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா. ஒரே ஆள் மறுபடி கொடுக்க 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்ற விதியைப் பிளட் பேங்கில் கேட்டு எழுதிவைத்து, அதைவிடக் கூடுதலாகவே இடைவெளி விட்டிருந்தார். எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். நல்ல மனசோடு பத்துப் பேர் ஒரே நாளில் வந்து, ஐந்து நாள் கழித்து ஒருவரும் இல்லாமல் போவதுதான் வழக்கமாக நடப்பது என்று பிளட் பேங்க் அலுவலரே என்னிடம் சொன்னார். எங்களுக்கு அது நடக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பட்டியல். மனசு எல்லோரிடமும் இருக்கிறது, அதை முறைபோட்டுக் கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும். லீடர் அண்ணனுக்கு நான் முதலில் நன்றி சொல்வது அதற்குத்தான்.

பிளேட்லெட் கொடுப்பது சாதாரண ரத்த தானம் மாதிரி பத்து நிமிடத்தில் எழுந்து போகிற காரியம் இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்திருக்க வேண்டும். கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போகும், அது சுற்றிப் பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்பும். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்து உடம்பில் கால்சியத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும். உதடு மதமதவென்று ஆகும், விரல் நுனி குறுகுறுக்கும். கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். உசிலம்பட்டி அண்ணன் படுத்துக்கொண்டே மறு கையில் போனை வைத்து, அன்றைய லீக் அட்டாக்கை முடித்தார். மூன்று நட்சத்திரம். "இதைத் தம்பிட்ட காட்டு" என்றார்.

பை நிரம்பி வந்தபோது அம்மா பார்த்தாள். "ரத்தம்னு சொன்னாங்க, மஞ்சளால்ல இருக்கு?" என்று கேட்டாள். லேசான மஞ்சள்தான். அதை ஒரு தட்டில் படுக்கவைத்திருந்தார்கள், தட்டு இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. அசையாமல் வைத்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். அந்தத் தட்டையே அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "யாரு பெத்த பிள்ளைகளோ. அந்தக் கேம் பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறு போடாம அனுப்பாத" என்றாள். அன்றிலிருந்து அவர்களுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளைப் பற்றி லீடர் அண்ணனுக்கு முதலிலேயே கவலை. கோரிப்பாளையம், தல்லாகுளம், ஆற்றுப் பாலங்கள் எங்கும் வண்டி வராது. "முந்தின நாளே ரெண்டு பை எடுத்து வச்சிரணும்" என்று திட்டம் போட்டு, அப்படியே எடுத்தும் வைத்தோம். ஆனால் அன்று பின்னிரவில் தம்பிக்கு மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. இரண்டு பையும் விடிவதற்குள் போய்விட்டது. மறுபடி ஒன்று வேண்டும், அன்றே வேண்டும்.

ஏற்கெனவே பரிசோதனை முடித்துக் காத்திருப்பில் இருந்தவன் மேலூர்த் தம்பி. கல்லூரியில் இரண்டாம் வருடம். விடிகாலையில் போன் அடித்தேன். "வந்துர்றேன்க்கா" என்று வைத்துவிட்டான். மாட்டுத்தாவணி வரைதான் பஸ் வந்தது. அங்கிருந்து நடந்திருக்கிறான். லட்சக்கணக்கான ஜனத்துக்குள் புகுந்து, அழகர் வேஷம் போட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதில் தலையோடு நனைந்து, வழியில் யாரோ கொடுத்த புளியோதரையைக் கையிலேயே வாங்கித் தின்றுவிட்டு வந்து நின்றான். சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு துண்டும், அவர்கள் உடையில் ஒன்றும் கொடுத்து மாற்றச் சொன்னார். படுத்தவனிடம், "ரொம்ப அலைஞ்சிட்டியேப்பா" என்றேன். "அழகரைப் பக்கத்துலயே பாத்துட்டேன்க்கா. நம்ம அண்ணனுக்கும் சேத்து வேண்டிட்டேன்" என்றான். அவன் கொடுத்த பை மத்தியானம் ஏறியது. சாயங்காலம் மூக்கில் ரத்தம் நின்றது.

அவன் எந்தக் கல்லூரி, என்ன படிக்கிறான் என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. கிளானில் அவனைத் தெரிந்ததெல்லாம், சொன்ன நேரத்துக்கு அட்டாக் போடுவான், தோற்றால் சாக்குச் சொல்ல மாட்டான் என்பதுதான். ஒரு ஆளைப் பற்றி அதைவிட முக்கியமாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வெளிநாட்டில் இருப்பவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது. ஷார்ஜா அண்ணன் முதல் நாளே, "வர்றவங்க பஸ் காசு, சாப்பாடு, ஜூஸ் எல்லாம் என் கணக்கு, பேசப்படாது" என்று லீடருக்குப் பணம் அனுப்பிவிட்டார். சிகிச்சைச் செலவில் பெரும்பகுதிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆனால் இப்படிச் சில்லறைச் செலவுகள் எந்தக் கணக்கிலும் வராது; அதுதான் மனிதரை அரிக்கும். அதை நாங்கள் யோசிக்கவே தேவைப்படவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் பெரியது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் தம்பிக்கு மூச்சுத் திணறி, உடம்பு வீங்கியது. இந்தச் சிகிச்சையில் வரக்கூடியதுதான் என்று ஸ்டீராய்டு போட்டார்கள். ஸ்டீராய்டில் தூக்கம் போய்விட்டது. தொற்று பயத்தால் அறைக்குள் யாரும் போக முடியாது. ஒருவர் மட்டும், அதுவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு. ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பான். போனைக் கவரில் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுக்க அனுமதித்தார்கள்.

நம் ஊரில் ராத்திரி ஒரு மணி என்றால் ஷார்ஜாவில் பதினொன்றரை. மலேசியாவின் ஜோகூரில் விடிகாலை மூன்றரை. ஜோகூர்த் தம்பிக்கு இரவு ஷிப்ட். எந்நேரமும் யாராவது ஒருவர் சாட்டில் இருந்தார்கள். லீடர் அண்ணன் ரகசியமாக ஒரு விதி வைத்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது: அவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. அது வேண்டுமென்றால் அக்காவிடம் கேளுங்கள், அவனிடம் விளையாட்டைப் பேசுங்கள். அதன்படி ஜோகூர்த் தம்பி ஒரு எதிரி பேஸைக் காட்டி, "அண்ணே, இதுல குயினை எங்க இறக்குறது?" என்று கேட்பான். தம்பி யோசித்து, மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் சொல்வான். ஷிப்ட் இடைவேளையில் அவன் சொன்னபடியே அடித்துவிட்டு, ரீப்ளே வந்து பாருங்கள் என்பான் ஜோகூர்த் தம்பி. சில நாள் அந்த ரீப்ளேயைப் பார்க்கும்போதுதான் தம்பி முகத்தில் பழைய ஆள் தெரிந்தான். அவன் யோசனைக்கு அங்கே வேலை இருந்தது. நோயாளிக்கு எல்லோரும் எதையாவது கொடுக்கத்தான் வருவார்கள். அவனிடம் ஒன்றைக் கேட்டு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

ஐம்பது இடமும் நிரம்பிய கிளானில் அட்டாக் போடாத ஒருவனை இத்தனை மாதம் வைத்திருப்பது சாதாரணம் இல்லை. அந்த மாத லீகில் ஒரு படி கீழே இறங்கினோம். நன்றாக விளையாடும் ஆட்கள் உள்ளே வரக் காத்திருந்தார்கள். தம்பியின் இடம் அப்படியே இருந்தது, கோ-லீடர் என்கிற துணைத் தலைவர் பதவியும் அப்படியே இருந்தது. அவன் போனில் நான் ரிக்வெஸ்ட் தட்டினால், எந்த நேரமானாலும், அவன் சண்டைக்கே போகப்போவதில்லை என்று தெரிந்திருந்தும், கோட்டையை நிரப்பினார்கள். காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பான்.

செல்போன் விளையாட்டு என்றாலே குடியைக் கெடுக்கும் என்று பேசுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அதற்காகச் சட்டமே போட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வர வேண்டிய சட்டம்தான். அதையும் இதையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டித் தோற்க வைக்கிற இடத்தில் பக்கத்தில் இருப்பவன் யாரோ எவரோ. இங்கே பக்கத்தில் இருந்தவர்கள் என் தம்பியின் உடம்புக்குள் ஓடுகிறார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது வீடு திரும்ப. அப்புறம் ஏழெட்டு மாதம், ஆர்செனிக் ஒரு மாதம் ஏற்றுவதும் ஒரு மாதம் விடுவதுமாகப் போனது. அதற்குப் பிளேட்லெட் தேவைப்படவில்லை. இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசியாக எடுத்த மரபணுப் பரிசோதனையில் நோயின் தடயம் இல்லை. டாக்டரம்மா வரச் சொல்லும்போது போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிவிட்டான், பகல் ஷிப்ட் மட்டும்.

போன வாரம் லீடர் அண்ணன் பட்டியலில் அவன் பெயரை மறுபடி போட்டார். கடைசி இடத்தில் போடுங்கள், கை பழகவில்லை என்று இவன் கெஞ்சினான். ஏழாவது இடத்தில் போட்டார். முதல் அட்டாக்கில் இரண்டு நட்சத்திரம், அடுத்ததில் மூன்று.

கொடுத்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன், எடை குறைந்து திரும்பிப் போனவர்களுக்கும், கையில் காளை உருவம் குத்தியிருந்ததால் பிளட் பேங்க் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டு அழுத சிவகங்கைத் தம்பிக்கும் சேர்த்து: நாங்கள் உங்களை மறக்க மாட்டோம். அப்பாவுக்குப் பேச வராது. கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சட்டை தைத்து வைத்திருக்கிறார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தேனே என்றார்.

மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு எல்லோரும் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. கோலா உருண்டையும் நெஞ்செலும்புக் குழம்பும் முடிவாகிவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் லீடர் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். ஷார்ஜா அண்ணன் அந்த மாதம் லீவில் வருகிறார். ஜோகூர்த் தம்பி, உனக்கும் ஒரு சட்டை உண்டு, நேரில் கொடுத்துவிட முடியாது என்பதால் உன் அளவும் முகவரியும் எனக்கு அனுப்பு. அன்றைக்கு வார் இருந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் எங்கள் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து அட்டாக் போடலாம், அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.